மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக் பிடித்துப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட மேடை ஏறினது கிடையாது. தலைவி அக்கா போன வாரம் வீட்டுக்கு வந்து, "ஆண்டு விழாவுல நீ ஒரு பத்து நிமிஷம் பேசணும். சேமிப்பைப் பத்திப் பேசு"ன்னு சொன்னாங்க. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். ஆனால் நான் இப்போ பேசப் போறது மோட்டார் சைக்கிள் முன் சக்கரத்துப் பிரேக் கட்டையைப் பற்றி. சிரிக்காதீங்க அக்கா. இதுவும் சேமிப்புக் கதைதான். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாதுன்னு நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதை.

எங்க ஊர் வெள்ளோடு பக்கம். வாசலில் நின்றால் சிறுமலை தெரியும். எங்களுக்கு அம்பது சென்ட் இடத்தில் மல்லிகை. விடியக்காலம் மூணு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பூ பறிக்க இறங்கினால்தான், விடியும்போது திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இருக்கலாம். நேரம் ஆக ஆகப் பூ மலரும், விலை இறங்கும். பஸ்ஸை நம்பிப் பூ வியாபாரம் பண்ண முடியாது. அதனால் நம் குழுவுக்கு வங்கிக் கடன் வந்தபோது, என் பங்குக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பழைய 150 சிசி மோட்டார் சைக்கிள் வாங்கினோம். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் டிரம் பிரேக். எங்க வீட்டுக்காரர் ஓட்டுவார். நடுவில் பூ மூட்டை. பின்னால் நான்.

பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்குக் காது சும்மா இருக்கும் இல்லையா? ஒரு ஐப்பசி மாதம், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன் சக்கரத்தில் 'கீச்'சுன்னு ஒரு சத்தம் கேட்டது. "ஏங்க, என்னமோ சத்தம் வருதுங்க"ன்னு சொன்னேன். "மழைத்தண்ணி பட்டிருக்கும்மா, ஓட ஓடச் சரியாயிரும்"னு சொன்னார். சரியாகவில்லை. பத்து நாளில் அந்தக் கீச் சத்தம் அரிவாளைக் கல்லில் தேய்க்கிற சத்தமாக மாறினது. பக்கத்து ஊர் ஒர்க் ஷாப்பில் காட்டினோம். "கட்டை தேஞ்சு போச்சு, புதுசு வாங்கிட்டு வாங்க, மாட்டித் தர்றேன்"னு சொன்னாங்க.

கடைக்குப் போனது நான். மார்க்கெட்டில் பூ போட்டுவிட்டு டவுனில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டேன். கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்று 340 ரூபாய். இன்னொன்று 120 ரூபாய். "என்னண்ணே வித்தியாசம்?"னு கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, டப்பாதான் வேற"ன்னு சொன்னார். அந்த வாரம் குழுத் தவணை கட்டணும். பையனுக்கு வேன் காசு கட்டணும். நான் 120 ரூபாய்க் கட்டையை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டில் "மிச்சம் 220" என்று எழுதி, அதை உண்டியலில் போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் என் நோட்டில் அப்படியே இருக்கு.

ஒன்றரை மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சத்தமும் இல்லை. மார்கழி மாதம் பனி உங்களுக்கே தெரியும். பூ குறையும், விலை ஏறும். அன்றைக்கு ஆறு கிலோ மல்லி இருந்தது. கிலோ ஆயிரத்துக்கு மேல் போகிற நேரம். அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. அவர் மட்டும் போனார். வழியில் ஒரு பெரியவர் பால் கேனோடு சைக்கிளில் குறுக்கே வந்திருக்கிறார். இவர் முன் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். 'டக்'குன்னு ஒரு சத்தம், அதற்கப்புறம் வண்டி நிற்கவே இல்லை. பின் பிரேக்கை மிதித்து, பெரியவர் மேல் மோதாமல் ஓரத்துப் பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டார். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. பூவெல்லாம் ரோட்டில் கொட்டி, மேலே லாரி போய்விட்டது.

அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் மூச்சு வருது. வைத்தியச் செலவு, இரண்டு மாதம் அவர் வேலைக்குப் போகாதது, பஸ்ஸில் பூ கொண்டுபோய்க் குறைந்த விலைக்குப் போட்டது, எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தாண்டியது. அந்த முப்பதாயிரத்துக்குப் பக்கத்தில் என் நோட்டில் "மிச்சம் 220".

இந்த இடத்தில் என் குழுவுக்கு நன்றி சொல்லாமல் போகக் கூடாது. அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, உள்கடனாகப் பத்தாயிரம் ரூபாய் கையில் கொடுத்தார்கள். நாலு அக்காமார் தங்கள் வேலையை முடித்துவிட்டு, பத்து நாள் எங்க தோட்டத்தில் கூலி வாங்காமல் பூ பறித்துக் கொடுத்தார்கள். அவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

வண்டியை டெம்போவில் ஏற்றி, பேகம்பூரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனோம். எங்க அப்பா காலத்தில் இருந்து பழக்கம். அவர் முன் சக்கரத்தைக் கழற்றி, கட்டையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். வெறும் இரும்புத் தகடு. அதன் மேல் ஒட்டியிருக்க வேண்டிய கறுப்பு லைனிங், அப்பளம் மாதிரி முழுசாகப் பெயர்ந்து போய்விட்டது. "இது யாரு வாங்குன கட்டை?"னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "கடையில குடுத்தாங்க பாய்"னு பொதுவாகச் சொன்னார். என் பேரைச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கலை. "நான்தாண்ணே வாங்கினேன். விலை கம்மின்னு வாங்கினேன்"னு சொல்லிட்டேன்.

பாய் திட்டவில்லை. "அழுவாத தங்கச்சி. தெரியாம வாங்கிட்ட. இப்பத் தெரிஞ்சுக்க. இப்படி உக்காரு"ன்னு ஒரு பலகையைப் போட்டார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததையும், அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை போய்க் கற்றுக்கொண்டதையும்தான் இப்போ உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். கைப்பிடியில் இருக்கிற லிவரைப் பிடித்தால், மேலே சின்ன டப்பாவில் இருக்கிற பிரேக் ஆயில் அழுத்தப்பட்டு, குழாய் வழியாகக் கீழே போகும். கீழே காலிப்பர் என்று ஒரு பாகம் இருக்கு. அதற்குள் இருக்கிற பிஸ்டனை ஆயில் தள்ளும். பிஸ்டன் இரண்டு கட்டைகளையும் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்தும். சுற்றுகிற எவர்சில்வர் தட்டை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும் இல்லையா? அதே வேலைதான். உள்ளங்கை மாதிரி இருக்கிற அந்தக் கட்டையில்தான் உயிர் இருக்கு.

இந்த லைனிங் வந்த கதையும் நம்ம வண்டிக்காரர்கள் கதை மாதிரிதான். இங்கிலாந்தில் எர்பர்ட் ஃப்ரூடு என்று ஒருவர் இருந்தார். இறக்கத்தில் குதிரை வண்டி ஓட்டுகிறவர்கள், மரப் பிரேக் கட்டை வழுக்குகிறது என்று பழைய செருப்புத் தோலை அதில் வைத்துக்கொள்வதைப் பார்த்தார். அதில் இருந்து யோசித்து நல்ல பிடிமானமுள்ள லைனிங் செய்து, 1897-ல் கம்பெனி தொடங்கினார். மோட்டார் சைக்கிளில் டிஸ்க் பிரேக் பரவலாக வந்தது 1969-ல் ஹோண்டா சிபி 750 என்ற வண்டி வந்த பிறகு. இன்றைக்கு நம்ம சென்னைப் பாடியிலேயே பிரேக் சாமான் செய்கிற பெரிய கம்பெனிகள் இருக்கு. நல்ல கட்டை நம்ம ஊரிலேயே கிடைக்குது. நாம்தான் பார்த்து வாங்கணும்.

முன் பிரேக் ஏன் இவ்வளவு முக்கியம்? பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம், நம் பாரம் எல்லாம் முன்னால் சாயும். பஸ்ஸில் பிரேக் போட்டால் நாமெல்லாம் முன்னால் போய் விழுகிறோமே, அந்த மாதிரி. பாரம் முன் சக்கரத்தில் அழுந்துவதால், நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிக்கும்"னு நம்ம ஊரில் சொல்லுவாங்க. அது பாதி உண்மை. மணலிலும், வண்டி திரும்பும்போதும் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. நேராகப் போகும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பிடிக்கணும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடிவிடும். நாம் பார்த்து, பயந்து, லிவரைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போயிருப்போம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்கு ஆகும். இதில் கட்டையும் சரியில்லை என்றால் என்ன செய்ய முடியும்?

நம் குழுக்களுக்குப் பஞ்சசூத்திரம் இருக்கு. கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பம், பதிவேடு. ஐந்தும் எல்லோருக்கும் மனப்பாடம். நான் பிரேக்குக்கும் ஐந்து சூத்திரம் வைத்திருக்கிறேன்.

முதலாவது, பார்ப்பது. மாதம் ஒரு தடவை, வெளிச்சத்தில், குனிந்து காலிப்பருக்குள் பாருங்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் கட்டை தெரியும். கட்டையின் நடுவில் ஒரு கோடு மாதிரி பள்ளம் வெட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளம் அழிந்து போனால் கட்டையின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். பள்ளம் இல்லாத கட்டை என்றால், இரும்புத் தகட்டை விட்டுவிட்டு லைனிங் கனத்தை மட்டும் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். இரண்டு கட்டையில் ஒன்று தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றணும்.

மேலே டப்பாவில் பிரேக் ஆயில் அளவையும் பாருங்கள். கட்டை தேயத் தேய ஆயில் மட்டம் தானாக இறங்கும். ஆயில் குறைந்திருக்கு என்று உடனே ஊற்றக் கூடாது. முதலில் கட்டை தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கணும். ஊற்றுவதாக இருந்தால், மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது போட்டிருக்கோ அதைத்தான் ஊற்றணும். இன்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் ஊறிக் கெட்டுப் போகும், பிரேக்கே போய்விடும்.

இரண்டாவது, கேட்பது. கீச் சத்தம் எல்லாமே ஆபத்து இல்லை. மழைத் தண்ணீருக்கும் தூசிக்கும் சத்தம் வரும், போய்விடும். நாலு நாள் ஆகியும் போகாத சத்தம், இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம், லிவர் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்குவது, கைப்பிடி வரைக்கும் போவது, இதெல்லாம் இருந்தால் அன்றைக்கே காட்டணும். இரும்பு உரசி ஓட்டினால் டிஸ்க்கும் போய்விடும். அப்போ செலவு பல மடங்கு. பின்னால் உட்காருகிற நாம்தான் இதை முதலில் கேட்போம். "உனக்கென்ன தெரியும்"னு சொன்னால் விட்டுவிடாதீங்க. நான் ஐப்பசியில் சொன்னதை இன்னும் நாலு தடவை சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது, சரியானதை வாங்குவது. வண்டியின் பெயர், எந்த வருடத்து வண்டி என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒரே பெயர் வண்டிக்கே வருடத்துக்கு வருடம் கட்டையின் வடிவம் மாறும். முடிந்தால் பழைய கட்டையைக் கையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் கட்டை, இல்லையென்றால் பேர் தெரிந்த பிரேக் கம்பெனியின் கட்டை. பெட்டி ஒட்டியது ஒட்டியபடி இருக்கணும். செய்த கம்பெனி முகவரி, பார்ட் நம்பர், விலை, மாதம், வருடம் அச்சாகி இருக்கணும். எழுத்துப் பிழையோடு, பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருந்தால் அது டூப்ளிகேட். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மாட்டேன் என்கிற கடையில் பிரேக் கட்டை வாங்க வேண்டாம். லைனிங்குக்கும் தகட்டுக்கும் நடுவில் விரிசல், இடைவெளி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

விலை அதிகமானது எல்லாமே நல்லது என்றும் நினைக்க வேண்டாம். கட்டையில் வகை இருக்கு. ரெசின் வைத்துச் செய்தது மெதுவானது, டிஸ்க்கைத் தேய்க்காது. உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது கடினமானது, வேகமாக ஓட்டுகிற பெரிய வண்டிகளுக்கு. அதற்கென்று செய்யாத டிஸ்க்கில் மாட்டினால் டிஸ்க்கை அரித்துவிடும். கம்பெனி உங்கள் வண்டிக்கு எதைக் கொடுத்ததோ அந்த வகையே போதும்.

நம்ம திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. வீட்டுக்குப் பூட்டு வாங்கும்போது நாலு தடவை இழுத்துப் பார்த்து, சாவி போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். உயிரைக் காக்கிற கட்டையை மட்டும் ஏன் பார்க்காமல் வாங்கணும்?

நான்காவது, சுத்தமாக மாட்டுவது. இதை நீங்களே செய்யணும் என்று நான் சொல்லவில்லை. நானே பாய் பக்கத்தில் இருந்து மூன்று தடவை பார்த்த பிறகுதான் கை வைத்தேன். ஆனால் மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கவாவது தெரிந்திருக்கணும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். பொதுவான முறையைச் சொல்கிறேன்.

வண்டி ஓடி வந்ததும் தொடக் கூடாது. டிஸ்க் தோசைக்கல் மாதிரி சுடும். ஆறவிட்டு, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போடணும். காலிப்பர் இறுக்கமாக இருக்கும்போதே, கட்டையைப் பிடித்திருக்கும் பின்னைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் பிறகு சிரமம் இல்லை. அப்புறம் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, டிஸ்க்கில் இருந்து மெதுவாக எடுக்கணும். காலிப்பரைக் குழாயில் தொங்கவிடக் கூடாது. ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரத்துப் பக்கம் ஒரு வயர் போகும், அதை இழுத்துவிடக் கூடாது. பழைய கட்டையை எடுக்கும்போது எந்தத் தகடு, எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். வாயால் ஊதக் கூடாது. அந்தக் காலத்துக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பார்கள், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கட்டை என்று பெட்டியிலேயே போட்டு வருது, அதைப் பார்த்து வாங்குங்கள். எதுவாக இருந்தாலும் தூசி தூசிதான். ஈரத் துணியால் துடைத்து எடுக்கணும். பக்கத்தில் பிள்ளைகளை விடாதீங்க. பிஸ்டனைச் சுற்றிப் பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிடணும்.

புதுக் கட்டை கனமாக இருக்கும் இல்லையா? அது உள்ளே போகணும் என்றால் வெளியே வந்திருக்கிற பிஸ்டனை உள்ளே தள்ளணும். மேலே ஆயில் டப்பா மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி வைத்துக்கொண்டு, மெதுவாகத் தள்ளணும். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் மேலே ஏறி வரும். வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவணும், பெயின்ட்டை அரித்துவிடும். கட்டை இல்லாத நேரத்தில் யாரும் லிவரைப் பிடிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும். அதனால் சின்னப் பிள்ளைகள் ஹேண்டில்பார் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப்பர் நகருகிற பின்னில் மட்டும் அதற்கான கிரீஸ் கொஞ்சமாகத் தடவணும். கட்டையின் முகத்திலோ டிஸ்க்கிலோ எண்ணெய், கிரீஸ், கை அழுக்குக்கூடப் படக் கூடாது. தலையில் எண்ணெய் வைத்த கையோடு கட்டையைத் தொட்டால் பிரேக் வழுக்கும். அப்புறம் எடுத்த மாதிரியே மாட்டி, போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கணும்.

இப்போ சொல்லப் போவதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நான் முதன்முதலாகக் கட்டையை மாட்டி முடித்த அன்றைக்கு, எனக்கு ஒரே சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சதுண்ணே, அவர ஓட்டிப் பாக்கச் சொல்லட்டா?"ன்னு கேட்டேன். பாய் சிரிக்கவில்லை. "லிவரைப் பிடி தங்கச்சி"ன்னார். பிடித்தேன். லிவர் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி கைப்பிடி வரைக்கும் போய் முட்டியது. பிரேக்கே இல்லை! எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. பிஸ்டனை உள்ளே தள்ளிவிட்டோம் இல்லையா? அது மறுபடி கட்டை வரைக்கும் வந்து ஒட்டுகிற வரை பிரேக் பிடிக்காது. பாய் சொன்னார், "பத்துத் தடவ, இருவது தடவ பிடிச்சுப் பிடிச்சு விடு. கல்லு மாதிரி ஆகணும். அதுக்கப்புறம்தான் வண்டிய ஸ்டாண்டுல இருந்து எடுக்கணும்." கட்டை மாற்றின சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டு ரோட்டில் இறங்குகிறவர்கள் உண்டு. முதல் திருப்பத்திலேயே தெரியும், அப்போ தெரிந்து பிரயோஜனம் இல்லை. அதனால் யார் மாட்டிக் கொடுத்தாலும், எவ்வளவு பெரிய மெக்கானிக்காக இருந்தாலும், ஒர்க் ஷாப்பை விட்டுக் கிளம்புமுன் நீங்கள் ஒரு தடவை லிவரைப் பிடித்துப் பாருங்கள். இது ஒன்றை மட்டும் இந்தப் பேச்சில் இருந்து எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குப் போதும்.

அதன் பிறகு ஆயில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா பார்த்து மூடியைப் போடணும். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கணும். லேசாக உரசலாம், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. புதுக் கட்டை டிஸ்க்கோடு பழக நாள் எடுக்கும். புது மருமகள் மாதிரிதான். காலி ரோட்டில் மிதமான வேகத்தில் போய், பதினைந்து இருபது தடவை இதமாகப் பிடித்துப் பிடித்து விடணும். முதல் 200 கிலோமீட்டருக்கு அவசரம் இல்லாமல் வெடுக்கென்று பிடிக்க வேண்டாம். அந்த நாட்களில் முன்னால் போகிற வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

ஐந்தாவது, எழுதி வைப்பது. கட்டை மாற்றிய தேதி, அன்றைக்கு மீட்டரில் இருந்த கிலோமீட்டர், கடை, விலை. என் குழுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இது இருக்கு. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றணும். அதையும் எழுதி வையுங்கள், இல்லையென்றால் மறந்துவிடும்.

நம்மில் நிறையப் பேர் டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருக்கிறோம். 2018-ல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் 25,000 ரூபாய் வரை மானியம் வாங்கி ஸ்கூட்டர் எடுத்த தங்கச்சிமாரும் இருக்கிறார்கள். "எங்க வண்டியில டிஸ்க் இல்லையே"ன்னு நினைக்க வேண்டாம். டிரம் பிரேக்கிலும் உள்ளே பிரேக் ஷூ என்று கட்டை இருக்கு, அதுவும் தேயும். லிவர் தளர்ந்தால் சக்கரத்துப் பக்கம் இருக்கிற நட்டைத் திருகி இறுக்குவோம். திருகித் திருகி இனி இடமில்லை என்று வந்தாலோ, அங்கே இருக்கிற அம்புக்குறி முடிவுக் கோட்டைத் தொட்டாலோ, ஷூ மாற்றணும். 2019 ஏப்ரலில் இருந்து விற்கிற புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ்ஸும், அதற்கு உட்பட்ட வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ்ஸாவது இருக்கணும் என்று சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் கட்டை தேய்ந்த வண்டியில் எந்த எஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இப்போ எங்க ஊரில் குழுக் கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை, மந்தையில் நாலைந்து வண்டி நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்து, "அக்கா, இது இன்னும் ஓடும்", "தங்கச்சி, இத இந்த வாரமே மாத்திரு"ன்னு சொல்வேன். நான் மெக்கானிக் இல்லை. காசு வாங்குவதும் இல்லை. முதலில் ஆம்பளைங்க சிரித்தாங்க. இப்போ, "உங்க வீட்டுல இருக்காங்களா, பிரேக்கு பாக்கணும்"னு எங்க வீட்டுக்காரரிடம் வந்து கேட்கிறாங்க.

அவர் இப்போ நன்றாக இருக்கிறார், வண்டி ஓட்டுகிறார். படி ஏறும்போது மட்டும் அந்தக் காலை ஒரு தடவை பார்த்து வைப்பார். இன்றைக்கு வரைக்கும் அந்த 120 ரூபாயைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்குமோ என்னவோ. அதனால்தான் இன்றைக்கு உங்கள் எல்லோர் முன்னாலும் நானே சொல்லிவிட்டேன்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்டமைப்புக் கட்டட வாசலில் ஒரு நல்ல மெக்கானிக்கை வரவழைத்து, உறுப்பினர் வீட்டு வண்டிகளுக்குப் பிரேக் மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லணும். இரண்டு, வண்டி வாங்கக் கடன் கேட்டு வருகிற உறுப்பினரிடம் தீர்மானம் எழுதும்போதே, "பிரேக் கட்டைக்குத் தனியாகக் காசு எடுத்து வைப்பாயா?"ன்னு ஒரு கேள்வி கேட்கணும். மாதம் முப்பது ரூபாய் எடுத்து வைத்தால் போதும், வருடத்தில் ஒரு ஜோடி நல்ல கட்டை வந்துவிடும். நம்ம சேமிப்பில் இதைவிட லாபமான சேமிப்பு எனக்குத் தெரியவில்லை.

பத்து நிமிஷம் என்று சொல்லி அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். தப்பாக ஏதாவது பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு விழா முடிந்து வீட்டுக்குப் போகும்போது, வண்டியில் ஏறுமுன் ஒரு தடவை லிவரைப் பிடித்துப் பாருங்கள்.